ஒருபக்கச் சுவர்

பிப்ரவரி 4

தங்கைக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா போய்விட்டாள் என்று நினைத்திருப்பாய். இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாக நடக்கிறாள். நடப்பதுதான் இப்போது பிரச்சினை.

போன மாதம் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டாள். வாசனை கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்து ஒரு நாள் தெருக்கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள். கீழ்வீட்டில் தையல் தைக்கிற அம்மாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். வந்தவர் சும்மா போகவில்லை. "படிச்சவரு வீடு, இப்படியா தொறந்து போட்டு வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் குளிக்கவும் அந்த அம்மாளிடம் அனுமதி வாங்க வேண்டும்போல.

வீடு உனக்குத் தெரிந்ததுதான். அதே நீளக் கூடம். ஒரு முனையில் தெருக்கதவு, மறுமுனையில் ஜன்னல், ஜன்னலோரம் அம்மாவின் கட்டில். நடுவில் கதவில்லாத சமையலறை. ஜன்னல் பக்கத்தைத் தடுத்து அவளுக்கு ஓர் அறையாக்கிவிடலாம் என்றிருக்கிறேன். செங்கல் ஏற்றக் கூடாது, மேல்தளம் தாங்காது என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். மிஞ்சியது ஜிப்சம் பலகை, இரண்டு காகிதத்துக்கு நடுவே மாவுக்கட்டி வைத்தது, தகரச் சட்டத்தில் திருகி நிறுத்துவது.

வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அளவு நாடாவை இழுத்ததுமே அம்மா "திருடன், திருடன்" என்று கத்தி, கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வீசினாள். மறுநாள் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மூத்தவன் சொன்ன பதில்: "அம்மா தூங்கறப்ப வந்துட்டு முழிக்கிறப்ப ஓடறதுக்கு நாங்க என்ன கொசுவா சார்?" அதோடு வரவில்லை.

ஆகவே நானே செய்யப்போகிறேன். வாழ்நாளெல்லாம் தர்க்கம் கற்பித்த கை. துறைத்தலைவர் நாற்காலியில் என் மாணவனை உட்கார வைத்துவிட்டு என்னிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்களே, அந்தக் கை. ஒரு சுவரையாவது நிமிர்த்தி நிறுத்துமா பார்க்கலாம்.

உன் ஊரில் அவரவர் வீட்டுச் சுவரை அவரவரே அடித்துக்கொள்வார்களாம். நீயும் அந்தக் கருவிகளைத்தான் விற்கிறாய். வேதியியல் படித்த பெண் ஆணி விற்கிறாளே என்று அப்பா இருந்தவரை வருத்தப்பட்டார். அந்த ஆணி ஞானம் இப்போதாவது இந்த வீட்டுக்கு உதவட்டும். எவையெவை கட்டாயம் வாங்க வேண்டும், எவை இல்லாமல் சமாளிக்கலாம், வாங்கும்போது எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று எழுது. பலகைக்கு அந்தப் பக்கச் சத்தம் இந்தப் பக்கம் வராமலிருக்க என்ன வைப்பார்கள் என்பதையும் எழுது.

இதற்கெல்லாம் போன் செய்யாதே, அது அம்மாவோடு பேசுவதற்கு இருக்கட்டும். போனில் நம் இருவருக்கும் வாய் நீளம்.

அண்ணன்

* * *

பிப்ரவரி 19

அண்ணா,

நீ நினைத்தது சரி. கடையின் பின்னால் சரக்கு அறைக்குப் போய், உறையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா போனதை நீ எப்படிச் சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு இரண்டே வரி. "முடிந்துவிட்டது. நீ வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, வர வேண்டாம்." கடைசியாக முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. அன்றிலிருந்து உன் கையெழுத்து என்றால் நான் உடனே பிரிப்பதில்லை.

போகட்டும். ஆணி விற்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் கோடு. தரையில் ஒரு கோடு, அதற்கு நேர் மேலே கூரையில் ஒரு கோடு. சுண்ணாம்பு தடவிய நூலும் ஒரு தூக்குக்குண்டும் போதும். குண்டு கனமாக இருக்கட்டும், லேசானது காற்றுக்கு ஆடும். ரசமட்டம் உன் கை நீளத்துக்குக் குறையாமல் வாங்கு. குட்டையான மட்டம் பொய் சொல்லும்; இந்த இடத்தில் சரி என்று காட்டும், சுவர் முழுக்கப் பார்த்தால் கோணல்.

தகரச் சட்டங்களை வெட்ட ஒரு தகரக் கத்தரி. கைப்பிடியை நீயே அழுத்திப் பார்த்து வாங்கு, கடைக்காரர் அழுத்திக் காட்டுவதைப் பார்த்து வாங்காதே.

பலகை வெட்ட ரம்பம் வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஒரு நல்ல கட்டர், நிறைய மாற்று பிளேடு, ஒரு நேர்ச்சட்டம். மேல்காகிதத்தைக் கீறு, பலகையை மடக்கு, மாவுக்கட்டி தானாக முறியும், பின்னால் இருக்கும் காகிதத்தை அறு. அவ்வளவுதான்.

திருகு ஏற்ற ஒரு சின்ன டிரில். பெரியதை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டிரில் முனையில் மாட்ட, பலகைக்கென்றே ஒரு பிட் உண்டு, நுனியைச் சுற்றி வளையம் இருக்கும், அதைக் கேட்டு வாங்கு. திருகின் தலை காகிதத்தில் கொஞ்சம் பதிய வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்தத் திருகு எதையும் பிடிக்காது, சும்மா அலங்காரத்துக்கு நிற்கும். அந்த வளையம் சரியான ஆழத்தில் உன்னை நிறுத்திவிடும். உன்னை நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டும் அண்ணா, கோபித்துக்கொள்ளாதே.

பலகையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க ஒரு மிதிகட்டை. காலால் மிதித்தால் பலகை ஒரு விரல் உயரும். வாங்க வேண்டியதில்லை, இரண்டு மரத்துண்டு இருந்தால் நீயே செய்துகொள்ளலாம். கடைசியில் பலகை மூட்டுகளில் ஒட்டக் காகித நாடா, பட்டி பார்க்கிற தகடு சின்னதும் பெரியதுமாக இரண்டு, உப்புத்தாள். தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள், அம்மாவை வேறு பக்கம் உட்கார வை.

இங்கே சனிக்கிழமை ஒரு புருஷன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டே வந்து எல்லாம் வாங்கிப் போவார்கள். திங்கட்கிழமை அதே இரண்டு பேர் தனித்தனியாக வருவார்கள், ஆளுக்கொரு ரசமட்டம் கேட்டு. நீ தனியாகச் செய்கிறாய். அந்த வகையில் தப்பித்தாய்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எதற்கு என்று சொல், பிறகு சொல்கிறேன். நோயாளி இருக்கிற அறை. அவள் கூப்பிட்டால் கேட்க வேண்டாமா?

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

தங்கை

* * *

மார்ச் 6

தங்கைக்கு,

உன் பாடம் கிடைத்தது. நன்றாகவே இருந்தது. நடுநடுவே செருகியிருந்த குத்தல்களைத் தவிர்த்திருக்கலாம். அப்பா விஷயத்தில் நான் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உடம்பு காத்திருக்காது. விமானம் பிடித்து வருகிறவர்கள் வந்து சேர்ந்து அழுது முடிக்கும்வரை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு என் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை சுவர் சார்?"

"ஒன்று."

"ஒத்தச் சுவருக்கா இம்புட்டு சாமான்? கோட்டையே கட்டலாமே!"

பிறகு நீ சொன்னபடியே ஒரு பெரிய டிரில்லை எடுத்து என் முன் வைத்தார். "இது மலையைக் கூட ஓட்டை போடும்." மலையில் எனக்கு வேலை இல்லை என்றேன். தூக்கிப் பார்த்தேன், மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. சின்னதை எடுத்தேன். வளையம் வைத்த பிட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். "நாங்க கை அளவுலயே நிறுத்திருவோம் சார்" என்றார். எனக்குக் கை அளவு தெரியாது என்று சொல்லி, வேறு இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கினேன். ரசமட்டம் நீளமானது கிடைத்தது. குமிழியை அங்கேயே திருப்பித் திருப்பி வைத்துச் சோதித்தேன். இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் நிற்காத மட்டங்களை ஒதுக்கிவிட்டு நின்றதை எடுத்துக்கொண்டேன். அந்த அளவு தர்க்கம் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

ரம்பமும் வாங்கினேன். ஒரு பலகையைக் கத்தியால் கீறி உடைக்கலாம் என்பதை என் புத்தி ஏற்கவில்லை. அறுத்தேன். வீடு முழுக்க வெள்ளைத் தூள். அம்மா மேஜையில் படிந்த தூளில் விரலால் கோலம்போல் எதையோ கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இருமிக்கொண்டே. மறுநாள் கட்டரை எடுத்துக் கீறினேன். மடக்கினேன். ஒரே சத்தத்தில் நேராக முறிந்தது. நீ சொன்னதுதான் சரி. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

இதோடு சுவரின் வரைபடம் வைத்திருக்கிறேன். சட்டங்களுக்கு இடையே விட்ட இடைவெளி சரியா, கதவுக்கு இரு பக்கமும் இரட்டைச் சட்டம் வேண்டுமா என்று பார்த்து எழுது.

சத்தம் எதற்கு என்று கேட்கிறாய். நீ இந்த வீட்டை விட்டுப் போனபோது எதற்கு என்று நான் கேட்டேனா? கேட்டதற்குப் பதில் எழுது.

அண்ணன்

* * *

மார்ச் 20

அண்ணா,

வரைபடம் வந்தது. கதவுக்கு இரு பக்கமும் இரட்டைச் சட்டம் வேண்டும். இடைவெளி சரி. கோடெல்லாம் அச்சுப்போல இருக்கிறது, உன் பரீட்சைத்தாள் மாதிரி.

கதவையும் அதே சுத்தத்தோடு வரைந்திருக்கிறாய். கீல் எந்தப் பக்கம், பிடி எந்தப் பக்கம், எல்லாம். தாழ்ப்பாள் கூடத்துப் பக்கம்.

முதலில் கை தவறிப் போட்டுவிட்டாய் என்று நினைத்தேன். உனக்குக் கை தவறாது. அம்மாவின் அறைக்கு வெளியே தாழ்ப்பாள். இதோடு சத்தத்தை அடைக்கவும் வழி கேட்கிறாய். உள்ளே போட்டு, வெளியே பூட்டி, கத்தினாலும் கேட்காமல் அடைத்து. இது அறையா அண்ணா? இதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியாதா, என் வாயால் வர வேண்டுமா?

அடுப்புதான் பயம் என்றால் அடுப்பை அடை. கதவில்லாத சமையலறைக்கு ஒரு கதவு வை, அதற்குத் தாழ்ப்பாள் போடு. தெருதான் பயம் என்றால் தெருக்கதவுக்கு மேலே, தலைக்கு மேலே, ஒரு தாழ்ப்பாள் வை. அம்மா நிமிர்ந்து பார்க்கிறவள் இல்லை. ஆபத்தைப் பூட்டு, அவளைப் பூட்டாதே. இதற்குச் சுவரே வேண்டாம். அப்படியானால் சுவர் யாருக்கு?

நான் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாழ்ப்பாள் அந்தக் கதவில் ஏறினால், அன்றைக்கே அம்மாவைப் பார்க்கிற டாக்டருக்கு எழுதிவிடுவேன். முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது, சொன்னால் வண்டி அனுப்புகிறேன் என்று அவர் போன வருஷமே எனக்குச் சொல்லிவிட்டார். அங்கே முகம் தெரியாதவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பூட்ட மாட்டார்கள்.

தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுகிறாள் என்பாய். சொல். தூரத்தில்தான் இருக்கிறேன்.

தங்கை

* * *

ஏப்ரல் 3

வாலுவுக்கு,

இந்தப் பெயரைப் பார்த்து உருகிவிடாதே. சின்ன வயதில் உன்னைக் கூப்பிட்ட பெயரைப் பாசத்தில் எழுதவில்லை. இந்த வீட்டில் உனக்கு வேறு பெயர் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சத்தம் எதற்கு என்று கேட்டாயே, கேட்டுக்கொள். மத்தியான வெயில் சாய்ந்ததும் தொடங்கும். "வாலு எங்க?" வெளியே போயிருக்கிறாள் என்பேன். "எங்க போனா?" பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். "எந்தப் பள்ளிக்கூடத்துல இவ்வளவு நேரம் வச்சிருப்பாங்க?" வருவாள். "சார், கொஞ்சம் தெருமுனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்களேன் சார்." படியிறங்கி, வாசலில் நின்றுவிட்டு, ஏறி வருவேன். "வந்தாளா?" இல்லை. "வாலு எங்க?"

ஆம், என்னைச் சார் என்கிறாள். ஒரு கட்டடம் நிறைய மாணவர்கள் சொன்ன சொல், பெற்றவள் வாயில் வந்து முடிந்திருக்கிறது. பல் துலக்கி விடுபவன் சார். துணி மாற்றுபவன் சார். சோறு பிசைந்து கொடுத்தால் "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம், வாலு வந்து குடுப்பா" என்று வாயை மூடிக்கொள்கிறாள். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, பெரியவன் எங்கே என்று கேட்டிருக்கிறாளா? கேட்கவில்லை. கேட்க மாட்டாள். இங்கேயே இருப்பவனை யார் தேடுவார்கள்?

டாக்டருக்கு எழுதப்போகிறாயா? எழுது. வண்டி வரட்டும். அவளை அந்த வண்டியில் ஏற்றிவிட்டு நான் படியேறி இந்தக் கூடத்துக்குத் திரும்பி வந்து என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தாயா? அவளை அனுப்பலாமென்றால் நான் எதற்கு ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டேன்? உன் அண்ணி "உங்க அம்மாவா, நானா, இப்பவே சொல்லுங்க" என்று வாசலில் பெட்டியோடு நின்றபோது எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்? அவள் இங்கே இருந்தால்தான் என் வாழ்க்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இல்லையென்றால் நான் வெறும் முட்டாள். இங்கே இருக்கவும் வேண்டும். அந்தக் கேள்வி என் காதில் விழவும் கூடாது. இதில் முரண் இருக்கிறது என்று சொல்லாதே. முரண் என்றால் என்னவென்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்.

சட்டங்கள் நின்றுவிட்டன. தரையில் ஒரு சட்டம், கூரையில் ஒரு சட்டம், நடுவே வரிசையாக நிமிர்ந்த தகரக் கம்பங்கள். தூக்குக்குண்டு மயிரிழைகூடப் பிசகவில்லை. கதவுக்கென்று அகலமாக ஒரு வழி விட்டிருக்கிறேன். அம்மா அந்த வழியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே புடவையை ஒதுக்கிக்கொண்டு, கீழ்ச்சட்டத்தைத் தாண்டி, உடம்பை ஒருக்களித்து நுழைந்து வருகிறாள். போகிறாள், வருகிறாள். நேற்று ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "பஸ்ல நல்ல கூட்டம் சார்" என்றாள்.

பலகை ஏறினால் இது நிற்கும்.

அண்ணன்

* * *

ஏப்ரல் 17

அண்ணா,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. ஒருவர் உப்புத்தாள் கேட்டார், நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் என்னைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நீ நம்ப மாட்டாய். போன் செய்தால் நீ அதை அவள் கையில் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாய். அந்த நேரமாவது மூச்சு விடலாம் என்று போகிறாய், தப்பு சொல்லவில்லை. ஆனால் அவள் என்னிடம் என்ன பேசுகிறாள் என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

"நீங்க யாருங்க பேசறது?" என்பாள். நான்தான்மா என்பேன். "சரிங்க" என்பாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி: "பெரியவன் இன்னும் வரலைங்க. காலேஜுக்குப் போனான். மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போகல. இங்க ஒரு சார் இருக்காரு, நல்ல மனுஷன், ஆனா எந்நேரமும் கடுகடுன்னு இருப்பாரு. அவருகிட்ட கேட்கப் பயமா இருக்கு. நீங்க பாத்தா வரச் சொல்லுங்க."

ஒவ்வொரு தடவையும் இதுதான். வாலு என்ற பேச்சே வந்ததில்லை. போனை வைத்த பிறகு எனக்கு எரியும். இத்தனை தூரத்திலிருந்து கூப்பிடுகிறேன், இவளுக்கு அப்போதும் இப்போதும் பெரியவன்தான் என்று. நீயும் அங்கே இதே மாதிரி எரிந்துகொண்டிருந்திருக்கிறாய். யார் இல்லையோ அவர்களைத்தான் கேட்கிறாள் அண்ணா. என்னிடம் பேசும்போது உன்னைக் கேட்கிறாள், உன்னிடம் பேசும்போது என்னைக் கேட்கிறாள்.

நான் டாக்டருக்கு எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். அந்த மிரட்டலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். கண்ணாடிப் பஞ்சு என்று கேள். சட்டையின் முழுக்கையை இறக்கிவிட்டு, கையுறை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு தொடு, இல்லையென்றால் ராவெல்லாம் அரிக்கும். இரண்டு கம்பத்துக்கும் நடுவே உள்ள இடத்தைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டு, அழுத்தாமல் வை, தானாக நிற்கும். ஒரு பக்கம் பலகை அடித்துவிட்டு, பஞ்சை வைத்து, அப்புறம்தான் மறுபக்கத்தை மூட வேண்டும். உன் காதும் காதுதான். வைத்துக்கொள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ வர வேண்டாம் என்றாய், நான் வரவில்லை. அது உன் பிடிவாதம் பாதி, என் பிடிவாதம் பாதி. நீ வா என்று எழுதினால் வருவேன். நீ எழுத வேண்டும். நானாக வந்து வாசலில் நிற்க மாட்டேன்.

வாலு

* * *

மே 2

வாலுவுக்கு,

பெரியவன் என்று நீ எழுதியிருந்ததை முதலில் நம்பவில்லை. என் கோபத்தைத் தணிக்கக் கதை கட்டிச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் மாடிக்குப் போகவில்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டேன். குடையைப் பற்றிச் சொன்னதையும் கேட்டேன், கடுகடு சாரைப் பற்றிச் சொன்னதையும் கேட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

சுவரைப் பற்றி எழுதுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கூடத்துப் பக்கம் பலகை அடித்துவிட்டேன். அம்மா உள்ளே கட்டிலில் இருந்தாள். ஒவ்வொரு பலகையாக மிதிகட்டையால் உயர்த்தி, தோளால் சாத்திப் பிடித்து, திருகு ஏற்றினேன். உன் வளையப் பிட் சொன்ன வேலையைச் செய்தது. முதல் பலகையில் இரண்டு திருகு மட்டும் கிழித்துக்கொண்டு போனது, அதுவும் நான் சாய்த்துப் பிடித்ததால். பிறகு ஒன்றும் கிழியவில்லை.

கடைசிப் பலகைக்கு வந்தபோது, அவள் எப்போதும் நுழைந்து வருகிற அந்த இடைவெளி மட்டும்தான் பாக்கி. பலகையைத் தூக்கிச் சாத்தினேன். அது என்னை நோக்கி வந்தது. அழுத்தினேன். மறுபடி வந்தது. அவள் உள்ளே நின்று இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை, சட்டம் வளைந்திருக்கிறது என்று நினைத்தேன். தோளைக் கொடுத்து அழுத்தி மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு ஏற்றினேன். தள்ளுவது நின்றது. பலகை அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

பிறகு தட்டினாள். மெல்ல, விரல் முட்டியால், அறிமுகமில்லாத வீட்டில் தட்டுவதுபோல.

"வீட்டுல யாரும் இல்லைங்களா?"

மறுபடி தட்டினாள்.

"என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேங்க. கொஞ்சம் கதவத் தொறங்க."

பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், கதவுக்கு விட்ட வழி திறந்துதான் கிடந்தது. அது அவள் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். வெயில் நேரத்தில் ஊரார் வீட்டு வாசலில் காத்திருக்கிறவளைப்போலப் பொறுமையாக நின்றாள். நான் டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு, அந்த வழியாகப் போய் அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தேன். கூடத்துக்கு வந்ததும் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லவேளை சார், நீங்க வந்தீங்க. அந்த வீட்டுல யாருமே இல்ல" என்றாள்.

கண்ணாடிப் பஞ்சு வாங்கிவிட்டேன். சுருளாக மூலையில் நிற்கிறது. வைக்கவில்லை. மறுபக்கத்துப் பலகையும் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் கம்பங்களும் பலகையின் முதுகும் தெரிகின்றன, விலா எலும்பு தெரிகிற மாதிரி. அப்படியே இருக்கட்டும்.

அவள் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டேன். என் மேஜையையும் பாயையும் உள்ளே கொண்டுபோனேன். சுவர் யாருக்கு என்று கேட்டிருந்தாய். எனக்குத்தான். அதை நீ அப்போதே சொல்லிவிட்டாய், அதற்காக உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவள் அறைக்கென்று வாங்கிய கதவைச் சமையலறைக்கு மாட்டினேன். தாழ்ப்பாளைத் தெருக்கதவில் தலைக்கு மேலே வைத்தேன். நீ சொன்னபடி அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கீழே கைப்பிடியை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறாள். என் அறைக்குக் கதவு இல்லை. மாட்டப்போவதும் இல்லை.

கீழ்வீட்டுத் தையல் அம்மாள் நேற்று மேலே வந்து பார்த்தார். சுவரை இந்தப் பக்கம் பார்த்தார், உள்ளே போய் அந்தப் பக்கம் பார்த்தார். "பாதியில நின்னுருச்சா?" என்றார். இல்லை, இவ்வளவுதான் என்றேன். "உள்பக்கம் தெரியற மாதிரி நான் ஒரு சட்டை தச்சுக் குடுத்தா விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வெயில் சாய்ந்தால் அதே கேள்விதான். பலகை ஒற்றைப் பலகை, எல்லாம் கேட்கிறது. நான் மாறவும் இல்லை. துறைத்தலைவர் ஆனவனை நான் மன்னிக்கவில்லை, உன் அண்ணியையும் மன்னிக்கவில்லை, உன்னை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த இடம்வரை எழுதியிருந்தேன். பலகையில் தட்டும் சத்தம். திறந்து கிடக்கிற வழியில் நின்றுகொண்டு, பக்கத்துப் பலகையைத் தட்டுகிறாள்.

"உள்ள வரலாங்களா?"

"வாங்க."

வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள்.

"யாருக்கு சார் எழுதுறீங்க?"

"வாலுவுக்கு."

"நம்ம வாலுவுக்கா?" எழுந்துவிட்டாள். "அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? அப்ப வரச் சொல்லி எழுதுங்க சார். நான் சொன்னா கேட்க மாட்டா. நீங்க எழுதினா வருவா."

பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். எழுதியாகிவிட்டதா என்று கேட்கிறாள். அவளுக்கு இப்போது எழுத்துத் தெரியாது, நான் எதை எழுதினாலும் ஆமென்று சொல்லி ஏமாற்றிவிடலாம்.

வா.

அண்ணன்